நெஞ்சுப் படபடப்பும் வெப்ராளமும்: குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குத் தக்கலைப் பக்கம் வீடு. 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரருக்கு இப்போது வயது 73. ஆறு வருடமாக அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறது. இது ஊருக்கே தெரியும் என்பதால், கல்யாண வீட்டுப் பந்தியிலும் மருந்துக்கடை வாசலிலும் இதே நோய் உள்ளவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். நோயைப் பற்றி டாக்டர் சொல்லிவிடுகிறார். அதோடு சேர்ந்து வரும் பயத்தை என்ன செய்வது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன்.

இது ஹார்ட் அட்டாக்கா?

இல்லை. ஹார்ட் அட்டாக் என்றால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. இது இதயத் துடிப்பை நடத்தும் மின்சாரத்தில் வரும் கோளாறு. நம் ஊர்த் திருவிழாச் செண்டை மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசான் கோலைப் பார்த்து எல்லோரும் அடித்தால் மேளம். ஆளாளுக்குத் தோன்றியபடி அடித்தால் வெறும் இரைச்சல். இதயத்தின் மேல் அறைகளில் அந்த இரைச்சல்தான் நடக்கிறது. அவை சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். கீழ் அறைகளுக்குப் போகிற வழியில் வாசல்காரன் மாதிரி ஓர் இடம் இருப்பதால் எல்லா அடியும் கீழே இறங்குவதில்லை. இறங்குவதும் ஒழுங்கில்லாமல் இறங்கும். அதனால்தான் நாடி ஒரு கணம் ஓடுகிறது, ஒரு கணம் தயங்குகிறது.

நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கினால் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த ஆபத்து பெரும்பாலும் குறைந்துவிடும். பயப்படுகிறவர்கள் முதல் வரியைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் போய்விடுகிறார்கள்.

அப்படியென்றால் இசிஜியில் ஒன்றும் இல்லை என்றார்களே?

சிலருக்குப் படபடப்பு வந்து வந்து போகும். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது நின்றிருக்கும். நாங்கள் முதலில் போன ஒரு கிளினிக்கில் "வயசானா இப்படித்தான்" என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எனக்கே அப்போது தோன்றவில்லை. நர்ஸாக இருந்து என்ன பயன்? பிறகு 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டி வைத்துத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில்தான் அகப்பட்டது. சந்தேகம் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

டென்ஷனால் வந்த நோயா இது? "நீ ரொம்பக் கவலைப்படுவதால்தான்" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கவலை மட்டும் காரணம் இல்லை. வயது, பிரஷர், சுகர், உடல் எடை, தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மது, சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு என்று பல காரணம் உண்டு. மனத்தில் அழுத்தம் இருக்கும் நாளில் படபடப்பு கிளம்ப வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மைதான். படபடப்பு வந்தால் கவலை வரும் என்பது அதைவிடப் பெரிய உண்மை. நோயாளியின் தலையில் பழியைப் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

படபடப்பு வரும்போது செத்துப்போய்விடுவேன் என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

நம் ஊரில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: வெப்ராளம். பயமும் பதற்றமும் கைகால் நிலைகொள்ளாமையும் சேர்ந்தது. முதலில் நெஞ்சு துடிக்கிறது. "ஏட்டி, இது நின்னுபோச்சுன்னா?" என்று மனம் கேட்கிறது. உடனே உடம்பு அட்ரினலினை இறக்குகிறது. அட்ரினலின் துடிப்பை இன்னும் விரட்டுகிறது. கை நடுங்கும், வியர்க்கும், மூச்சு முட்டும். இதில் எது நோய், எது பயம் என்று அந்த நேரத்தில் பிரிக்கவே முடியாது. பிரிக்கவும் வேண்டாம். முதல் வேலை ஆபத்துக்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

நெஞ்சில் அழுத்துகிற வலி, மயக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குளறுவது. இதில் ஒன்று இருந்தாலும் 108. வாய், கை, பேச்சு என்றால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டியது. ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே அதுதான் வரும். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால், உட்காருங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, பாதம் இரண்டும் தரையில் படட்டும். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை பைய விடுங்கள். ஐந்து நிமிடம். மூச்சு துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, வெப்ராளத்தைக் குறைக்கும். அது குறைந்தாலே துடிப்பின் வேகமும் கொஞ்சம் இறங்கும். என் வீட்டுக்காரருக்கு எண்ணுவது பிடிக்காது. திண்ணையில் உட்கார்ந்து, எதிரே தெரிகிற தென்னைகளில் எத்தனை குலை தள்ளியிருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அதுவும் வேலை செய்கிறது.

இரண்டு விஷயம் வேண்டாம். ஒன்று, பலமாக இருமினால் இதயம் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. அதை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைப்பது. அது வேறு நோய்க்கான மருந்து. பிரஷர் திடீரென்று இறங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாடி பார்க்கலாம்?

இரண்டு. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பேசுவேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டது இங்கேதான்.

நோய் தெரிந்த முதல் வருடம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் இடது மணிக்கட்டிலேயே ஒட்டிக்கிடந்தது. சாப்பிடும்போது பார்ப்பார். செய்தி ஓடும்போது பார்ப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவர்க் கடிகாரத்தின் அடியில் நின்று பார்ப்பார். ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் 43 கோடு. காட்டினேன். "இஞ்ச பாருங்க, இதுல எத்தனை தடவை பார்த்து உங்களுக்குச் சமாதானம் ஆச்சு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணுலயும் இல்ல" என்றார்.

அதுதான் விஷயம். பார்த்து நன்றாக இருந்தால் ஐந்து நிமிட நிம்மதி, பிறகு மறுபடி சந்தேகம். ஒழுங்கில்லாமல் இருந்தால் பயம். பயத்தில் துடிப்பு கூடும், கூடியதை இன்னொரு முறை பார்ப்போம். இந்த நோயில் நாடி ஒழுங்கில்லாமல் இருப்பது புதுச் செய்தி இல்லை. அதைத் தினமும் 43 தடவை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு விதி இது. காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி இதில் கணக்குத் தவறும். நோட்டில் எழுதி மூடிவிட வேண்டும். நடுவில் கை பரபரத்தால், "20 நிமிடம் கழித்துப் பார்க்கிறேன்" என்று தள்ளிப்போட வேண்டும். பெரும்பாலும் 20 நிமிடத்தில் அது மறந்துபோகும். இந்த 43-ஐ இரண்டாகக் குறைக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. நடுவில் சண்டையும் வந்தது.

ஓய்வில் 110-க்குக் கீழே இருந்தால் போதும் என்று பல டாக்டர்கள் விட்டுவிடுவார்கள். சிலர் இன்னும் குறைவாக வேண்டும் என்பார்கள். உங்களுக்கு எந்த எண்ணைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஒரு எண் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மகன் துபாயிலிருந்து ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பியிருக்கிறான். கட்டலாமா?

எங்களுக்கும் வந்தது. அது சிணுங்கும்போதெல்லாம் இவர் வெளிறிப்போனார். இப்போது பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. டாக்டர் கேட்டால் கட்டுங்கள். இசிஜி எடுக்கும் வகை என்றால் படபடப்பு வரும்போது ஒன்று எடுத்து டாக்டருக்குக் காட்ட உதவும். அறிவிப்பு ஒலியை அணைத்துவிடுங்கள். வீட்டு பிரஷர் மெஷினும் இந்த நோயில் தடுமாறும். இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

ராத்திரியில்தான் அதிகமாகத் தெரிகிறது, ஏன்?

பகல் சத்தம் அடங்கிவிடுகிறது, கவனம் முழுக்க நெஞ்சில் போகிறது. இடது பக்கம் சரிந்து படுத்தால் துடிப்பு இன்னும் கேட்கும். வலது பக்கம் படுத்துப் பாருங்கள். ஆனால் குறட்டை பலமாக இருந்து, தூக்கத்தில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுகிறவராக இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைச் சரிசெய்யாமல் துடிப்பை மட்டும் சரிசெய்வது கடினம். இதை நோயாளி சொல்ல முடியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தம் உறையாத மாத்திரையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கையை வெட்டிக்கொண்டால்?

ரப்பர் வெட்டப் போகிறவர்களும் மீன் வெட்டுகிற அம்மமாரும் கேட்பது இது. சின்ன வெட்டு என்றால் சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், நின்றுவிடும். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. பயப்பட வேண்டியவை வேறு: தலையில் அடி, கறுத்த மலம், சிறுநீரில் ரத்தம். குளிமுறியில், அதாவது குளியலறையில், வழுக்கித் தலை இடித்து, வெளியே காயமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். கைப்பிடி ஒன்று அடித்து வையுங்கள். எங்கள் வீட்டில் 600 ரூபாயில் முடிந்தது.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் பழைய மாத்திரைகளான வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. இவர்கள் முருங்கைக்கீரையைத் தொடவே கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பது சரி. அதற்காக விட வேண்டாம். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் சட்டி நிறையத் தோரன் வைத்துச் சாப்பிடுவதுதான் வம்பு. அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை, ஐஎன்ஆரும் வேண்டாம். ஆனால் ருமாட்டிக் நோயால் மைட்ரல் என்ற இதய வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மாத்திரைதான். "அவருக்குப் புதுசு, எனக்கு மட்டும் பழசா?" என்று கோபப்பட வேண்டாம்.

நான் பார்த்தவரை உண்மையான எதிரி மூட்டுவலி மாத்திரைதான். மெடிக்கல் ஸ்டோரில் சும்மா கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். முட்டுவலிக்கு என்ன சாப்பிடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிடாதீர்கள். பயத்தில் நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

சாயா குடிக்கலாமா?

குடிக்கலாம். அளவான சாயா, காப்பி பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. குடித்தால் படபடக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால் விடுங்கள். மது வேறு கதை. குடியை நிறுத்தியவர்களுக்குப் படபடப்பு திரும்ப வருவது குறைந்தது என்று 2020-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. "தூக்கம் வர ஒரு பெக்" என்று தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தூக்கமும் போனது.

வெளியே போகவே பயமாக இருக்கிறது. நடுவழியில் வந்துவிட்டால்?

பயம் ஆளை இப்படித்தான் சுருக்கும். முதலில் பேருந்து வேண்டாம், பிறகு கல்யாணம் வேண்டாம், கடைசியில் முற்றம் வேண்டாம். என் வீட்டுக்காரருடைய அக்கா நெய்யாற்றின்கரையில் இருக்கிறார். ஒன்றரை வருடம் போகவில்லை. "பஸ்ல வச்சு வந்தா?" என்பார்.

தவிர்த்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்ய வைக்கும் மனப் பயிற்சியை 2023-ல் ஸ்வீடனில் இந்த நோய் உள்ள 127 பேரிடம் சோதித்தார்கள். படபடப்பைப் பற்றிய பயமும் அதனால் வரும் முடக்கமும் குறைந்தன. எங்களுக்கு அந்த ஆய்வு அப்போது தெரியாது. செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். முதல் வாரம் கேட் வரை. பிறகு மூலைச் சாயாக்கடை வரை. கடையில் உட்கார்ந்திருந்தபோதே ஒரு நாள் படபடப்பு வந்தது. ஓடி வரவில்லை, அங்கேயே சாயாவைக் குடித்து முடித்துவிட்டு வந்தார். அதுதான் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். அப்புறம் பேருந்தில் மார்த்தாண்டம் வரை. ஓணத்துக்கு நெய்யாற்றின்கரை.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். அதுவே சரியான வேகம். டாக்டர் ஓய்வு சொல்லியிருந்தால் மட்டும் பொறுங்கள்.

நாற்பது வருடம் சிவாலய ஓட்டம் ஓடியவன் நான். இந்த வருடம் போகலாமா?

சிவராத்திரிக்கு முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவன் கோயிலுக்கு ஓட்டம், நூறு கிலோமீட்டருக்குக் குறையாத வழி, ராத்திரி தூக்கமில்லை, தண்ணீர் குடிக்க நேரமில்லை. தூக்கக்குறைவும் உடம்பில் நீர் வற்றுவதும் இந்த நோயைத் தட்டி எழுப்பும். ஓடாதீர்கள். விட்டுவிடவும் வேண்டாம். இப்போது எத்தனையோ பேர் வண்டியில் போகிறார்கள். காவி கட்டி, விசிறியைக் கையில் எடுத்து, மாத்திரையை மடியில் வைத்து வண்டியில் ஏறுங்கள். கேட்ட அண்ணன் கடைசியில் கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் வாசலில் நின்று ஓடி வருகிறவர்களுக்கு மோர் கொடுத்தார். "கோவிந்தா, கோபாலா" மட்டும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாராம்.

கடலுக்குப் போகலாமா?

மயக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால் அது சரியாகும் வரை வேண்டாம். அதன் பிறகும் தனி ஆளாகக் கட்டுமரத்தில் போகாதீர்கள். உங்கள் மாத்திரை என்ன என்பது உடன் வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

வைத்தியசாலைக் கஷாயமும் வர்மத் தடவலும் கூடாதா?

நம் மாவட்டத்தில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான்மார் மேல் எனக்கும் மரியாதை உண்டு, என் அப்பாவின் கை எலும்பைச் சேர்த்து வைத்தது ஓர் ஆசான்தான். ஆனால் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவரை அழுத்தித் தடவினால் உள்ளே ரத்தம் கட்டும். கழுத்துப் பக்கம் அழுத்தவே விடாதீர்கள். கஷாயமும் லேகியமும் சில நேரம் மாத்திரையின் வேகத்தைக் கூட்டும், சில நேரம் குறைக்கும். ஆசானிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள், டாக்டரிடம் கஷாயத்தின் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒளித்து வைப்பதுதான் ஆபத்து.

ஜெபம், தியானம் உதவுமா?

உதவும். 2001-ல் இத்தாலியில் 23 பேரை வைத்து ஜெபமாலையும் மந்திரமும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. முன்னால் சொன்ன நாலு, ஆறு எண்ணும் மூச்சுக் கணக்கும் அதேதான். எனவே கோட்டாறு சவேரியாரைக் கும்பிடுகிறவரும் மண்டைக்காட்டு அம்மனைக் கும்பிடுகிறவரும் அவரவர் வழியில் பையச் சொல்லலாம். அவசரமாக ஒப்பிப்பதில் பலன் இல்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களிடம் சொல்வதா, மறைப்பதா?

சொல்லுங்கள், ஆனால் ஒவ்வொரு படபடப்பையும் சொல்ல வேண்டாம். எங்கள் மகன் தினமும் வீடியோவில் வந்து "அப்பா, இன்னைக்கு எத்தனை?" என்று நாடியைக் கேட்பான். அன்புதான். ஆனால் அந்த போன் மணி அடித்தாலே இவர் விரல் மணிக்கட்டுக்குப் போய்விடும். நான் மகனிடம் தனியாகப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன், மற்ற நாள் பேரனைக் காட்டு என்றேன். கூட இருக்கிறவர்களுக்கும் ஒன்று: தேங்காய் பறிக்காதே, தண்ணீர் தூக்காதே, உட்கார், படு என்று நாள் முழுக்க அதட்டினால் மனிதன் உண்மையிலேயே நோயாளியாகிவிடுவான்.

எப்போது மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை, எதிலும் ஆசையில்லை, மாத்திரை சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று பேச்சு வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்பார்கள். சுகருக்கு டாக்டர் மாதிரி இதற்கும் டாக்டர் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போனில் பேச டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. முதியோர் உதவிக்கு 14567. மனநல மருந்து எழுதும் டாக்டரிடம் இதய மாத்திரைகளைக் கட்டாயம் காட்டுங்கள், சில சேராது.

உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது?

எல்லோரும் கடைசியில் கேட்பது இதுதான். படபடப்பு போகவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை வரும். இன்று காலை நோட்டில் 84 என்று எழுதினார். எழுதிவிட்டு, சாளை மீன் வந்திருக்கிறதாம் என்று பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன், சாப்பிட்டிருக்கிறார்.